பிட்ரொறண்ட் பயன்படுத்துவோர் பதிவேற்ற வேகத்துக்கு வரம்பிடுங்கள்

கொக்குவிலில் உள்ள எங்கள் வீட்டில் உபுண்டு இயங்குதளத்தைப் பிட்ரொறண்ட் எனும் கோப்புப் பகிர்வு வலையமைப்பின் மூலம் தரவிறக்கிக்கொண்டிருந்த ஓர் இரவில், கனடாவிலிருந்து அக்கா எடுத்த வீடியோ அழைப்பில் அவருடைய முகம் உறைந்து நின்றதுடன், குரலும் துண்டுதுண்டாகவே வந்தது. தரவிறக்கந்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். உண்மையான காரணம் பதிவேற்றம்.

இவ்வலையமைப்பில் கோப்பின் துண்டுகளைப் பெறும் ஒவ்வொரு கணினியும் அவற்றை மற்றவர்களுக்கும் அனுப்புவதால், வரம்பு எதுவும் இடாவிட்டால் பதிவேற்றப் பாதை நிரம்பி, தரவு வந்து சேர்ந்தது என்று நம் கணினி அனுப்பும் ஒப்புகைகள்கூட உரிய நேரத்தில் வெளியே போக முடியாமல் தேங்குகின்றன. அதனால் தரவிறக்கமும் மந்தமாகிறது.

ஆகவே இணைப்பின் பதிவேற்ற வேகத்தை முதலில் அளந்து, அதில் ஏறத்தாழ முக்கால் பங்கை மென்பொருளின் வேக அமைப்பில் வரம்பாக இடுங்கள். வேகச் சோதனை மெகாபிட்டில் காட்டும், மென்பொருளோ கிலோபைட்டில் கேட்கும் என்பதால் 1000 ஆல் பெருக்கி 8 ஆல் வகுக்க மறக்க வேண்டாம். 4 மெகாபிட் என்பது 500 கிலோபைட், வரம்பு 375. நான் பயன்படுத்தும் கியூபிட்ரொறண்ட் மென்பொருள் இலவசமானது, விளம்பரமும் இல்லாதது.

உங்களுடையது டேட்டா அளவு குறிக்கப்பட்ட இணையப் பொதியாயின், பகிர்வு விகித (பதிவேற்றிய அளவை தரவிறக்கிய அளவால் வகுத்தது) வரம்பை 1 என வையுங்கள்; பெற்ற அளவு பதிவேறியதும் பதிவேற்றம் நின்றுவிடும். 4 ஜிபி கோப்புக்கு மேலும் 4 ஜிபி பதிவேற்றத்தில் செலவாகும் என்றாலும், பெற்ற அளவையாவது திருப்பிக் கொடுப்பதே நேர்மை என்பது என் கருத்து. இடையில் மின்சாரம் நின்றால் பதற வேண்டியதில்லை; ஒவ்வொரு துண்டும் தனித்தனியே சரிபார்க்கப்படுவதால், மீண்டும் திறந்ததும் எஞ்சிய துண்டுகள் மட்டுமே தரவிறங்கும்.