செஸ் போர்டை வைத்து தேவ செய்தி கொடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடந்தபோது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தம்பி செய்தி கொடுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு செஸ் போர்டு, ஒரு வசனம், பதினைந்து நிமிடம். பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சபையில் பன்னிரண்டு வருஷமாக ஆராதனை முடிந்ததும் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன், அவனும் அங்கே படித்தவன்தான். நன்றாகவே பேசினான். எரிச்சல் என்னவென்றால், நான் எந்தெந்தக் குழியில் விழுந்தேனோ அதே குழிகளில், கிட்டத்தட்ட அதே வரிசையில் விழுந்தான். குதிரை போகும் வழியைத் தப்பாகச் சொல்வது, வசனத்தை மறந்துவிட்டு முழிப்பது இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. இரண்டு தடவை மேடை ஏறினால் தானாகச் சரியாகிவிடும்.

பிஷப்பை நம்பி இறங்காதீர்கள்

ராஜா ராணிக்குப் பக்கத்திலேயே பிஷப் நிற்கிறார், ஆகவே சபை இல்லாமல் அரசு இல்லை என்று ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் சொன்னால் எடுபடும். நம் பிள்ளைகளுக்கு அது மந்திரி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கோமாளி. ஆதியில் சதுரங்கத்தில் அது யானையாக இருந்தது. அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது, தந்தத்தைக் குறிக்க இரண்டாகப் பிளந்து செய்திருந்த தலையை ஆயரின் தொப்பி என்று எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். யானைக்குத் தொப்பி போட்டதை வைத்து எவ்வளவு நேரம்தான் பிரசங்கம் பண்ணுவது.

ஜெபித்துவிட்டு ஆடினால் ஜெயிக்கலாம்

எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் ஜெபித்துவிட்டுத்தான் வந்திருக்கிறது.

"ராஜாவுக்கு இன்னும் ஒரு நகர்த்தல் இருக்கிறது"

இந்தக் கதையைக் கேட்காத வாலிபர் கூட்டம் கிடையாது. பாரிஸ் மியூசியத்தில் ஒரு படம், பிசாசு ஒரு இளைஞனோடு அவன் ஆத்துமாவைப் பந்தயம் வைத்து செஸ் ஆடுகிறான், ஒரு சாம்பியன் மணிக்கணக்காக அதைப் பார்த்துவிட்டு "ராஜாவுக்கு இன்னும் ஒரு நகர்த்தல் இருக்கிறது" என்று கத்துகிறார். நானும் கண்கலங்கச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் போனை நீட்டி, "அண்ணா, அது பாரிஸே இல்லையே" என்றான்.

படம் உண்டு. ஜெர்மானிய ஓவியர் மோரிட்ஸ் ரெட்ஷ் 1831-இல் வரைந்தது. கதையும் உண்டு, ஆனால் 1888-இல் அச்சில் வந்த கதை நடப்பது அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ரிச்மண்டில், ஒரு போதகர் வீட்டில், சுவரில் மாட்டியிருந்த பிரதிக்கு முன்னால். அந்த இளைஞன் பக்கத்தை நான் எடுத்தால் ஜெயிக்கலாம் என்று அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி சொன்னார், காய்களை அடுக்கி ஆடியும் காட்டினார் என்று போகிறது. அது அச்சில் வருவதற்கு நாலு வருஷம் முன்பே மார்ஃபி இறந்துவிட்டார், அவரிடம் கேட்கவும் வழியில்லை. கதையைச் சொல்லுங்கள், "இப்படி ஒரு கதை உண்டு" என்று ஆரம்பியுங்கள். பத்தாம் வகுப்புப் பையன்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள்.

கடவுள் ஆட்டக்காரர், நாம் காய்கள்

இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

அன்று தம்பி எடுத்துக்கொண்டது 1851-இல் லண்டனில் ஆண்டர்சென் என்ற ஜெர்மானிய ஆட்டக்காரர் கீசெரிட்ஸ்கி என்பவரோடு ஆடிய ஆட்டம், அழியாத ஆட்டம் என்று பேர் வாங்கியது. ஆண்டர்சென் ஒரு மந்திரி, இரண்டு யானை (இன்றைய ரூக்), கடைசியில் ராணி என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு மந்திரியையும் இரண்டு குதிரைகளையும் வைத்து 23-ஆவது நகர்த்தலில் மேட் வைப்பார். எத்தனை தடவை பார்த்தாலும் புல்லரிக்கும். அதை ஆடிக்காட்டிவிட்டுத் தம்பி, "நம்மிடமிருந்து தேவன் எதையாவது எடுத்தால் இப்படித்தான், பெரிய வெற்றிக்காக எடுக்கிறார்" என்றான். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆட்டத்தை வைத்து, இதே முடிவோடு, நானும் கைதட்டல் வாங்கினேன். அதே வாரம் சபையில் ஒரு அக்காவின் மகன், இருபத்துநாலு வயது, பைக் விபத்தில் இறந்துபோனான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போயிருந்தோம். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம். எங்கள் சபைப் போதகர் ஐயர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை, யாராவது ஏதாவது சொன்னால் தேவலை என்று இருந்தது, நானே சொன்னேன்: "அக்கா, ஆண்டவர் பெரிய ஆட்டக்காரர். ராணியைக் கொடுத்தாலும் ஜெயிக்கத்தான் கொடுப்பார்."

அக்கா கையில் ஒரு சில்வர் டம்ளர் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அப்போ என் மகன் காயா, தம்பி?" என்றார். கோபம்கூட இல்லை, தெரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஐயர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உவமையில் எங்கே தப்பு என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வெட்டுப்பட்ட காய்க்கு வலி இல்லை, அதைப் பெற்றவளும் இல்லை, பெட்டிக்குள் போய் அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பி வந்துவிடும். அது கிடக்கட்டும். செஸ்ஸின் ஆதார விதியே ராஜாவைத் தவிர யாரை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதுதான். ராஜா தன்னை வெட்டக் கொடுக்கிற நகர்த்தலை விதி அனுமதிக்காது, ஆடினால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். நாம் ஞாயிறுதோறும் பேசுகிற சிலுவையோ இதற்கு நேர் தலைகீழ், அங்கே சிப்பாய்களுக்காகச் சாக ராஜா வெளியே வருகிறார். அதைச் சொல்லவேண்டிய வீட்டில் போய், பாயிண்ட் கணக்குப் பார்த்துக் காயைத் தள்ளிவிடுகிறவராக அவரை ஆக்கிவிட்டு வந்தேன்.

லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசுவுக்கு அடுத்த நகர்த்தல் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பத்தான் போகிறார். அப்படியும் அழுதார். யோபுவின் சிநேகிதர்களும் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. ஐயருக்கு இது தெரிந்திருந்தது.

செஸ்ஸை உவமையாக எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் அவிலாவின் தெரேசா, தன் மடத்துச் சகோதரிகளுக்கு ஜெபத்தைப் பற்றி எழுதும்போது செஸ்ஸைத்தான் எடுத்தார், மடத்தில் ஆடக்கூடாத ஆட்டம் என்று தெரிந்தே. ராணிக்குப் பலகை முழுக்க ஓடுகிற பலம் வந்து ஒரு நூற்றாண்டு ஆகியிருக்காது. அவர் கணக்கில் காய்களை நகர்த்துகிறவர்கள் நாம், ராஜாவாக நிற்கிறவர் கடவுள், அவருக்கு செக் வைக்கக்கூடிய ராணி தாழ்மை. நம்மிடம் மாட்டிக்கொள்ளச் சம்மதிக்கிற ராஜா! பிறகு திருத்தி எழுதும்போது அந்தப் பகுதியை அவரே எடுத்துவிட்டார். அப்படியும் 1944-இல் ஸ்பெயினில் அவரை செஸ் ஆட்டக்காரர்களின் பாதுகாவலராக அறிவித்தார்கள்.

அன்று சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு அக்கா வீட்டு விஷயத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "அப்போ அந்த ஆட்டத்தைக் காட்டவே கூடாதா அண்ணா?" என்றான். "காட்டு. நல்ல ஆட்டம். காட்டிட்டு உட்கார்ந்துடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளைத் திட்டுவது

ரேட்டிங் போட்டிகள் பெரும்பாலும் சனி, ஞாயிறையும் சேர்த்துத்தான் வரும். அதற்காக மேடையில் நின்று பெற்றோரைக் குத்திக்காட்டாதீர்கள், கேட்கவேண்டியவர்கள் அன்று போட்டிக்குப் போயிருப்பார்கள். அமெரிக்க உலக சாம்பியன் பாபி ஃபிஷரையும் இழுக்காதீர்கள். வேர்ல்ட்வைடு சர்ச் ஆஃப் காட் என்ற சபையின் ஓய்வுநாள் முறைப்படி வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி சாயங்காலம் வரை காயைத் தொடமாட்டார், 1967-இல் துனிசியாவின் சூஸ் நகரில் முன்னணியில் இருந்தும் அட்டவணைத் தகராறில் போட்டியைவிட்டே போனார், எல்லாம் சரி. பிற்பாடு அந்தச் சபையைக் கசப்போடு அவர் விட்டு விலகியதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும்.

ராத்திரியில் மூன்று நிமிட பிளிட்ஸ்

இதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நேற்றும் ஒன்றேகாலுக்குத்தான் படுத்தேன்.

காய்களை எண்ணாமல் கிளம்புவது

32. கிளம்புவதற்கு முன் எண்ணுங்கள், முடிந்த பிறகும் எண்ணுங்கள். எங்கள் செட்டில் ஒரு வெள்ளைச் சிப்பாயின் இடத்தில் மூன்று வருஷமாகத் தைல டப்பாவின் மூடிதான் நிற்கிறது. போன மாதம் ஒரு சின்னப் பிள்ளை அதை எட்டாவது வரிசை வரைக்கும் கொண்டுபோய் ராணி கேட்டது.