மர நாற்காலிக்குப் பழமைத் தோற்றம்: இரண்டு நிறம், ஒரு மெழுகுவத்தி

நிஜமாகவே பழைய நாற்காலி ஒன்றை உற்றுப் பாருங்கள். கைப்பிடி நுனி, உட்காரும் பலகையின் முன்விளிம்பு, பாதம் ஊன்றும் குறுக்குக் கட்டை, தூக்கும்போது பிடிக்கிற முதுகுச் சட்டத்தின் மேல்பகுதி: பெயின்ட் இங்கேதான் தேய்ந்திருக்கும். கால்களின் உட்பக்கம் தேயாது. எல்லா இடத்தையும் ஒரே அளவில் தேய்த்தால் பார்த்தவுடனே செயற்கை என்று தெரிந்துவிடும்.

நாற்காலியில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருந்தால் கவனம் தேவை. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கை, தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தூளில் ஈயம் இருக்கலாம். வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்ப்பதற்கான உப்புத்தாள்) நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

வெறும் மரமென்றால் 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. தூசியைத் துடைத்து வுட் பிரைமர் ஒரு கோட். அது காய்ந்ததும் அடிநிறம்: அடர் பழுப்போ செங்காவியோ, மேட் அக்ரிலிக் எமல்ஷனில். நான்கு பங்கு பெயின்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் போதும். ஓர் இரவு காயட்டும்.

இனி மெழுகுவத்தி. தேய வேண்டிய இடங்களில் மட்டும், விளிம்பை ஒட்டி, அழுத்தி இழுங்கள். உதிர்ந்த துணுக்குகளைத் துடைத்துவிடுங்கள். அவை கிடக்கிற இடத்திலெல்லாம் மேல் பெயின்ட் ஒட்டாமல் உரியும். மேல்நிறம், வெளிர் பச்சையோ மங்கிய நீலமோ, மெல்லிசாக இரண்டு கோட். நடுவே நான்கு மணி நேரம். தடிமனாக அடித்தால் பின்னால் தோல்போலப் பெரிய பட்டையாக உரிந்து வரும்.

மறுநாள் மெழுகு வைத்த இடங்களைப் பட்டித் தகட்டால் லேசாகச் சுரண்டி, 220 தாளால் ஓரங்களை மழுக்குங்கள். அடிநிறம் எட்டிப் பார்க்கும். ஓரிரு இடத்தில் மரமே தெரிந்தாலும் அழகுதான். இந்த இடத்தில்தான் கை நிற்காமல் ஓடும். நான்கடி தள்ளிப் போய் நின்று பார்த்துவிட்டு மேலும் தேயுங்கள். அதிகமாகத் தேய்த்ததை மறைக்கத் திரும்பவும் மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மிச்ச மெழுகை டர்பன்டைன் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். துடைக்காவிட்டால் தண்ணீரில் கரைகிற வார்னிஷ் அங்கே சொட்டுச் சொட்டாக விலகி நிற்கும். டர்பன்டைன் ஆவியாகிக் காய்ந்த பிறகு, நான்கு ஸ்பூன் மேட் வார்னிஷில் இரண்டு ஸ்பூன் தண்ணீரும் சில துளி பழுப்பு ஸ்டெய்னரும் (நிறம் கூட்டும் திரவம்) கலந்து பூசி, இரண்டு நிமிடத்துக்குள் துணியால் துடைத்தெடுங்கள். மூலைகளிலும் கடைசல் பள்ளங்களிலும் கொஞ்சம் தங்கட்டும். பல வருட அழுக்கு அங்கேதான் சேரும். தாமதித்தால் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும் என்பதால் ஒவ்வொரு காலாகச் செய்யுங்கள்.

கடைசியில் மேட் வார்னிஷ் இரண்டு கோட். பளபளப்பு வார்னிஷ் வேண்டாம், அத்தனை உழைப்பும் புதுசாகத் தெரியும். மழை நாட்களில் காய்வதற்கு இரட்டிப்பு நேரம் விடுங்கள்.