குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு: லத்தி, லாடம், கொள்ளு

ஆடி பிறந்தால் போதும், "அக்கா, அந்தியூர்ல குதிரை வாங்கலாம்னு இருக்கோம், கூட வர்றீங்களா?" என்று யாராவது ஒருவர் என் தையல் கடைக்கு வந்துவிடுவார். போன ஆடியில் வந்தவர் ஒரு புது மாப்பிள்ளை. பணம் தயாராக வைத்திருந்தார். "காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க தம்பி?" என்று கேட்டேன். ஏழரை என்றார். ஆறு மாதம் ஐந்து மணிக்கு எழுந்து பழகுங்கள், அடுத்த ஆடிக்கு நானே கூட வருகிறேன் என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். குதிரை வாங்க ஒரு நாள் போதும். அதன் வயிற்றையும் குளம்பையும் அடுத்த இருபது வருடம் தினமும் பார்க்க வேண்டும். மழையென்றும் காய்ச்சலென்றும் லீவு போட முடியாது.

என் அப்பா கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டில் குதிரை வண்டி ஓட்டியவர். ஷேர் ஆட்டோக்கள் வந்தபிறகு சவாரி குறைந்து, ஒருநாள் குதிரையை விற்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். எங்கே விற்றார் என்று கடைசிவரை சொல்லவில்லை. 2013 ஆடியில் நான் செவலையை வாங்கியதற்கு அதுதான் காரணம். கத்தியவார் ஜாதி, பெண் குதிரை, செம்பழுப்பு நிறம். முன்னால் நின்று பார்த்தால் இரண்டு காது நுனியும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும்.

வாங்கும்போது

அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் முதல் நாள் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கூட்டமும் மேளமும், வெள்ளைக் குதிரைகள் கால் தூக்கி ஆடுவதும் மனசை மயக்கிவிடும். இரண்டாம் நாள் பொழுது விடிவதற்குள் போங்கள். யாரும் ஏறி ஓட்டாத, உடம்பு சூடாகாத குதிரையைப் பார்ப்பதுதான் முக்கியம். கால்வலி இருந்தால் அப்போதுதான் தெரியும்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வியாபாரி சுழி சுழியாகக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குச் சுழி சாஸ்திரம் அத்துபடி. இருந்தாலும், "சுழிய அப்பறம் பாத்துக்கலாம் கண்ணு, மொதல்ல காலப் பாரு" என்றார். கெட்டியான தரையில் குதிரையை நேராக நடக்கவிட்டு, பிறகு சின்ன ஓட்டமாக ஓடச் சொல்லுங்கள். தலையைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே போகும். நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பாருங்கள். அழுகல் வாடை அடித்தால் அடிக்குளம்பில் புண் இருக்கிறது.

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரைக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்வரிசையில் நடுப் பற்கள் இரண்டும் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்துப் பற்கள் நாலரையில். அதற்குமேல் கீழ்ப்பற்களின் தலையில் இருக்கும் குழிகள் தேய்வதை வைத்துக் கணக்குப் போடலாம். எட்டு வயது வாக்கில் அந்தக் குழிகள் மறைந்துவிடும். செவலைக்கு நாலு வயது என்று சத்தியம் செய்தார் அந்த வியாபாரி. அப்பா உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு எட்டு என்றார். பாதி விலை குறைந்தது. எனக்கு இன்னும் கோபம்தான், வயதை மறைத்து விற்றால் தீனியும் வேலையும் தப்பாகி அவதிப்படுவது அந்த வாயில்லா ஜீவன்.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் மட்டும் ஓட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய். குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். தடுப்பூசி கிடையாது. உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடத்தான் வேண்டும் என்பது விதி. ஹரியானாவின் ஹிசாரில் தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது, இந்தப் பரிசோதனைக்குத் தலைமை இடம் அதுதான். எப்படி அனுப்புவது என்று உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே சர்ராவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டு ஈ கடித்துப் பரவுவது அது, விட்டுவிட்டுக் காய்ச்சல் அடித்து குதிரையை உருக்கிவிடும்.

தீனி

நாங்கள் இருப்பது தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில். நெல்லு பூமி, பச்சைக்குக் குறைவில்லை. அதனால் ஆரம்பத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்துவிடாதீர்கள். மாட்டுக்குப் போடுகிற மாதிரியே கோ-4 புல்லையும் தவிட்டையும் மட்டும் போட்டு வளர்த்தேன். கோ-4இல் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது தீனியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும், மூக்கெலும்பு இரண்டு பக்கமும் புடைத்துக்கொள்ளும். செவலைக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. நடை தட்டுத் தடுமாறியதைப் பார்த்து மருத்துவர் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்டில் குதிரைமசால் போட்டிருக்கிறேன். பேரிலேயே குதிரை இருக்கிற தீவனத்தை விட்டுவிட்டு எதையெதையோ போட்டேனே என்று இன்றும் வருத்தம்தான்.

இப்போதைய கணக்கு இது. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, காய்ந்த தீவனக் கணக்கில். 300 கிலோ குதிரைக்கு 6 கிலோ. அதில் பெரும்பங்கு சோளத்தட்டும் (காய்ந்த சோளத் தாள்) கொழுக்கட்டைப்புல்லும், கொஞ்சம் குதிரைமசால். கொள்ளு ஒன்றரைக் கிலோ, இரவே ஊறவைத்து வேகவைத்து, ஆறியபிறகு காலையும் மாலையுமாகப் பிரித்துக் கொடுப்பேன். எப்போதும் தட்டு முதலில், கொள்ளு பிறகு. கல்லுப்பு இரண்டு ஸ்பூன். தண்ணீர் ஒரு நாளைக்கு 30 லிட்டர், சித்திரையில் அதற்கும் மேலே. குதிரையின் இரைப்பை சின்னது, ஒரே நேரத்தில் கொட்டினால் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்க வேண்டும். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் பத்து நாள் எடுத்துக்கொண்டு பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம், டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து பின்தொடையின் கடைசி முனை வரை ஒரு அளவு. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும், அளவெல்லாம் சென்டிமீட்டரில். ஜாக்கெட் அளவெடுக்கிற என் டேப் 150 சென்டிமீட்டரில் முடிந்துவிட்டது. இரண்டு டேப்பைச் சேர்த்துத் தைத்து செவலைக்கென்று தனியாக ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். சுற்றளவு 155, நீளம் 145 என்றால் 293 கிலோ. மாதம் ஒருமுறை அளந்து, தையல் ஆர்டர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன்.

மாட்டுப் பொங்கல் ராத்திரி

வாங்கி நாலாவது வருடம். அன்றைக்குத் தெருவே மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டியது. செவலையும் நம்ம வீட்டுப் பிள்ளைதானே என்று அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு உருண்டை சர்க்கரைப் பொங்கலும் ஊறவைத்த அரிசியும் ஊட்டியிருக்கிறார்கள். பாசத்தில் செய்ததுதான், யாரைக் குறை சொல்ல? மாடு அசைபோடும் ஜீவன், அதன் வயிறு வேறு. குதிரையால் வாந்திகூட எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

இரவு பதினொரு மணிக்குக் கொட்டிலில் தரையைப் பறிக்கும் சத்தம். போய்ப் பார்த்தால் முன்னங்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்பித் திருப்பி வயிற்றைப் பார்த்தாள். பிடரிக்குக் கீழே வேர்வை, மார்கழி முடிந்த குளிரில். மாலையில் போட்ட தட்டு அப்படியே இருந்தது. மூலையில் லத்தி, அதாவது குதிரைச் சாணம், இல்லை. வயிற்றுச் சூலை, அதாவது கடும் வயிற்றுவலி.

தாடைக்கு அடியில் விரல் வைத்தால் நாடி துடிக்கும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். நல்லபடியாக இருக்கும்போது செவலைக்கு 36. அன்று 60. ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அன்று மூன்றைத் தாண்டியது. போனில் இந்த எண்களைச் சொன்னதும் மருத்துவர் வேறு கேள்வியே கேட்கவில்லை, உடனே கிளம்பிவிட்டார். இதற்காகத்தான் சொல்கிறேன், குதிரை நன்றாக இருக்கும்போதே நாடியும் மூச்சும் எண்ணிப் பழகுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. சூடு 38 டிகிரியை ஒட்டி. நல்ல நாளின் கணக்கு தெரியாதவருக்குக் கெட்ட நாள் வந்ததே தெரியாது.

அவர் வரும்வரை தீனியைப் பூராவும் எடுத்துவிட்டு, படுத்துப் புரளாதபடி மெதுவாக நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் இருக்கும் மருந்து எதையும் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்காதீர்கள். மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் மருந்து இறக்கினார். மூன்று மணிநேரம் என் மகள் லாந்தரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். நாலரை மணிக்கு செவலை வாலைத் தூக்கினாள். முதலில் காற்று, பிறகு நாலே நாலு உருண்டை லத்தி, எண்ணெய் மினுக்கோடு. நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

நல்ல குதிரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை லத்தி போடும். காலையில் கொட்டிலைக் கூட்டும்போது எண்ணிவிட்டுத்தான் இன்றும் கூட்டுகிறேன்.

குளம்பு, லாடம், ஊசி

தினமும் ஒருமுறை நான்கு குளம்பையும் சுத்தம் செய்ய வேண்டும். குதிரையின் வாலைப் பார்த்தபடி தோளோடு தோளாக நில்லுங்கள், கையைத் தோளிலிருந்து கீழே தடவிக்கொண்டே போய்க் கணுவுக்கு மேலே லேசாகப் பிடித்தால் காலைத் தூக்கிக் கொடுக்கும். திடீரென்று காலைப் பிடிக்காதீர்கள். கொக்கியைக் குதிகால் பக்கமிருந்து நுனியை நோக்கி இழுங்கள். நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தைச் சதை இருக்கும், அதன் இரண்டு பக்கப் பள்ளங்களில்தான் சேறு அடைந்து அழுகும். வயல் ஈரத்தில் எங்களுக்கு இது ஓயாத தொல்லை. கொட்டில் தரையை அரை அடி உயர்த்தி மணல் போட்டபிறகுதான் குறைந்தது.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். இப்போதெல்லாம் மாட்டுக்கே லாடம் அடிக்க ஆள் குறைவு, குதிரைக்குத் தெரிந்தவர் அதைவிடக் குறைவு. ஒருமுறை ஒருவர் அவசரத்தில் ஆணியை உயிர்ச்சதையில் இறக்கிவிட்டார். பத்து நாள் நொண்டினாள். லாடம் அடித்த மறுநாள் குளம்பைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுட்டால் உடனே ஆணியைப் பிடுங்கச் சொல்ல வேண்டும். டெட்டனஸ் குதிரையைத் தாக்குவது போல வேறு கால்நடையைத் தாக்காது, அதனால் வருடா வருடம் தடுப்பூசி. குடற்புழு மருந்தும் மருத்துவர் சொல்லும் கணக்கில்.

செலவு என்று பார்த்தால் எனக்கு மாதம் எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில் போகிறது, அதுவும் குதிரைமசால் சொந்த நிலத்தில் விளைவதால். கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்பார்கள். பட்டாசுச் சத்தத்தில் அவள் நடுங்கியதை ஒருமுறை பார்த்தபிறகு அனுப்புவதில்லை. தனியாகக் கட்டினால் ஏங்கிப்போகும், குதிரை கூட்டத்தோடு வாழும் ஜீவன். இன்னொரு குதிரைக்கு வசதி இல்லாததால் ஒரு வெள்ளாட்டைத் துணைக்கு விட்டிருக்கிறேன். ஆடு கண்ணில் படவில்லையென்றால் தட்டைத் தொடமாட்டாள்.

இவ்வளவும் படித்துவிட்டு, பிறகு எதற்கு வாங்குவது என்று கேட்பீர்கள். அவள் தண்ணீர் குடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு மடக்குக்கும் இரண்டு காதும் முன்னும் பின்னுமாக அசையும். என் தையல் மெஷின் சத்தம் நின்றால் வேலை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைப்பாள். விடிகாலையில் வாய்க்கால் மேட்டில் மகள் அவள்மேல் உட்கார்ந்து போவாள், பனியில் மூக்கிலிருந்து புகை வரும், ஒரு பக்கம் நாற்று வயல், மறுபக்கம் தண்ணீர். எனக்கு முதுகுவலி வந்தபிறகு நான் ஏறுவதில்லை, கூடவே நடக்கிறேன். வாய்க்கால் திருப்பத்தில் நின்று நான் வந்து சேரும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது அவளுக்கு இருபது நெருங்குகிறது. குதிரை இருபத்தைந்து, முப்பது வருடம்கூட இருக்கும். ஓடுகிற வயதைத் தாண்டியும் பல வருடம் சோறு போட வேண்டியிருக்கும் என்பதை வாங்கும் அன்றைக்கே வீட்டில் பேசி முடிவெடுங்கள். விற்கமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பேச்சு அப்படியே இருக்கிறது.

போன மாதம் சுற்றளவு 151 காட்டியது. 278 கிலோ. பதினைந்து கிலோ இறங்கியிருக்கிறாள். கொட்டிலில் பாதி மென்று துப்பிய தட்டு உருண்டைகள் கிடந்தன. கடைவாய்ப் பல் ஓரங்கள் கத்தி மாதிரி கூராகியிருந்ததை மருத்துவர் அரம் போட்டு மழுக்கினார். இப்போது தட்டை விரற்கடை அளவுக்கு நறுக்கி, குதிரைமசாலோடு வெந்நீரில் ஊறவைத்து, கொள்ளை மசித்துக் கலந்து நாலு வேளையாகக் கொடுக்கிறேன். வயதான குதிரை வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். நேற்று அளந்தேன், 152.