புல் வெட்டும் முன் ஐந்து நிமிடம்

சிங்கப்பூரில் புல்வெளி வேலை பார்க்கும் தம்பிகளுக்கு இது. ஜெர்மனியில் மே, ஜூன் மாதங்களில் தீவனப்புல் அறுக்கும் முன், விடியற்காலையில் வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனைப் பறக்கவிடுகிறார்கள். பிறந்து சில நாளே ஆன மான்குட்டி இயந்திரச் சத்தம் கேட்டாலும் ஓடாது, புல்லோடு ஒட்டிப் படுத்துவிடும். குளிர்ந்த தரையில் அதன் உடல்சூடு மட்டும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். கையுறை போட்டு, ஒரு பிடி புல்லோடு தூக்கி ஓரமாக வைப்பார்கள்.

இங்கே நமக்கு ஆள்காட்டிக் குருவி. தரையிலேயே பெரும்பாலும் நான்கு முட்டை இடும். குஞ்சும் அப்படியே பதுங்கும். கைப்பேசியில் செருகும் சிறு வெப்பக் கேமரா போதும். காலை ஏழு, ஏழரைக்குள் பாருங்கள். வெயில் ஏறினால் மண்ணும் கல்லும் சூடாகிக் குழப்பும். பக்கவாட்டில் பார்த்தால் புல் மறைக்கும், நேர் கீழே காட்டுங்கள்.

கேமரா இல்லையா? தாய்ப்பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் மெஷினை நிறுத்துங்கள். முட்டையைத் தொடாமல், சுற்றிலும் அடையாளக் கொடி நட்டுச் சில மீட்டர் வெட்டாமல் விடுங்கள். சூப்பர்வைசரிடம் சொல்லி தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்: 1800-476-1600.