உயர்த்திய பழைய செரோக்கியில் புது ஸ்டீயரிங் கிட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1984 முதல் 2001 மாடல் வரை வந்த ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே வண்டிகளில், இன்றும் கரடுமுரடான பாதைகளில் ஓடுபவை பெரும்பாலும் உயர்த்தப்பட்டவைதான். சஸ்பென்ஷனை மூன்று அங்குலமோ நாலரை அங்குலமோ ஏற்றி 31 அல்லது 33 அங்குல டயர் போட்டிருப்பார்கள். கம்பெனியில் வந்த டை ராட், அதாவது முன்சக்கரங்களைச் சேர்ந்து திரும்ப வைக்கும் தண்டு, சுமார் 28 அங்குல டயருக்காகச் செய்தது. பாறையில் ஒருமுறை இடித்தால் வளைந்துவிடும். அதனால் தடித்த ராட், பெரிய எண்டுகள் (ராடின் முனையில் உள்ள பந்து மூட்டுகள்) கொண்ட ஸ்டீயரிங் கிட் வாங்குவது நியாயமான செலவுதான். ஆனால் கிட்டை மாட்டிய பிறகும் வண்டி நேராக ஓடவில்லை என்றால், கோளாறு அநேகமாகக் கிட்டில் இருக்காது. மாற்றாமல் விட்ட ஏதோ ஒன்றில் இருக்கும்.

முதல் தவறு நோய் தெரியாமல் மருந்து வாங்குவது. மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரங்கள் இரண்டும் வெறி பிடித்ததுபோல் உதறும். அமெரிக்கர்கள் இதற்கு வைத்த பெயர் 'டெத் வாபிள்'. இதைப் பார்த்ததும் பலர் வாங்குவது புது ஸ்டீயரிங் டேம்பர், அதாவது ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர். டேம்பர் உதறலைக் கொஞ்ச நாள் மூடி மறைக்கும், அவ்வளவுதான். கிட் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டயர் தரையில் இருக்க, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கால் சுற்று ஆட்டட்டும். இன்னொருவர் முன்பக்கம் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்கட்டும். எங்கே ப்ளே (தளர்ந்த ஆட்டம்) இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பான்ஹார்ட் ராடு, அதாவது முன் ஆக்சிலையும் வண்டியின் உடலையும் குறுக்கே இணைக்கும் தண்டு. ஆக்சில் பக்கம் அதன் போல்ட் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும், அல்லது உடல் பக்கத்து பால் ஜாயிண்ட் போயிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு தடித்த டை ராட் போட்டாலும் உதறல் திரும்ப வரும்.

அடுத்தது கோணம். இந்த வேலையில் அதிகப் பேர் சறுக்குவது இங்கேதான், கிட்டோடு வரும் காகிதத்திலும் இது அரை வரியில் முடிந்துவிடும். பான்ஹார்ட் ராடு ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கிறது. பிட்மேன் ஆர்மிலிருந்து (ஸ்டீயரிங் பாக்ஸ் அசைக்கும் கை) வலப்பக்க நக்கிளுக்கு (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) போகும் டிராக் லிங்க் என்ற தண்டு சக்கரத்தைத் திருப்புகிறது. வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது இரண்டும் தனித்தனி வில்லாக அசையும். அவை இணையாகவும் ஏறக்குறைய ஒரே நீளத்திலும் இருந்தால் இரண்டு வில்லும் ஒத்துப்போகும். இல்லையென்றால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சக்கரம் தானாகத் திரும்பும், அல்லது உங்கள் கையில் ஸ்டீயரிங் இழுக்கும். இதுதான் பம்ப் ஸ்டீயர்.

உயர்த்திய வண்டியில் இரண்டுமே அதிகமாகச் சாய்ந்திருக்கும், ஆனால் சேர்ந்து சாய்ந்திருக்கும். அதில் டிராப் பிட்மேன் ஆர்மை (முனை கீழே இறங்கிய வகை) மட்டும் போட்டால் டிராக் லிங்க் மட்டும் தட்டையாகிவிடும். பார்க்க அழகாக இருக்கும், ஓட்டினால் தெரியும். நக்கிளுக்கு மேலே எண்டை மாட்டும் கிட்டிலும் இதே சிக்கல்தான். டிராக் லிங்கின் ஒரு முனை மேலே போகிறது என்றால், பான்ஹார்ட் ராடின் ஆக்சில் முனையையும் அதற்கேற்ப மேலே கொண்டுபோக ஒரு பிராக்கெட் வேண்டும். இந்த பிராக்கெட்டுக்குக் காசு ஒதுக்காமல் கிட்டை மட்டும் வாங்குவது எனக்குப் புரிந்ததே இல்லை. இன்னொன்று, வண்டியை உயர்த்தியதும் முன் ஆக்சில் டிரைவர் பக்கமாக நகர்ந்திருக்கும். நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு போட்டு ஆக்சிலை முதலில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு ஸ்டீயரிங்கைத் தொடுங்கள்.

கழற்றும்போது வரும் சேதங்களும் உண்டு. கவட்டை மாதிரியான ஃபோர்க்கை அடித்து எண்டைப் பிரித்தால் ரப்பர் பூட் கிழியும், அந்த எண்டை மறுபடி பயன்படுத்த முடியாது. நட்டைத் தளர்த்திவிட்டு, நக்கிளின் துளை இருக்கும் பகுதியின் பக்கவாட்டில் சுத்தியலால் நன்றாக இரண்டு தட்டு தட்டினால் தானே விடும். பிட்மேன் ஆர்முக்கு அப்படிச் செய்யக் கூடாது. அந்த அடி ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் போகும். புல்லர் வைத்தே கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதன் நட்டுக்கு 185 அடி-பவுண்டு, அதாவது சுமார் 250 நியூட்டன் மீட்டர் இறுக்கம் தேவை. கைக்கு இறுகியது போதாது. 1995 மாடல் முதல் வந்த வண்டியில் டிரைவர் ஏர்பேக் உண்டு. ஸ்டீயரிங் ஷாஃப்டைப் பாக்ஸிலிருந்து கழற்றியிருந்தால் ஸ்டீயரிங்கைப் பூட்டி வையுங்கள். யாராவது விளையாட்டாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஏர்பேக்குக்கு மின் இணைப்பு தரும் சுருள் நாடா) அறுந்துவிடும்.

பெரிய டிரக் எண்டுகளோடு வரும் கிட்டுக்கு நக்கிள் துளையை ரீமர் போட்டு அகலப்படுத்த வேண்டும். அந்தத் துளை நேரானது இல்லை. ஓர் அடிக்கு ஒன்றரை அங்குலம் என்ற சரிவில் குறுகிக்கொண்டே போகும். கிட் தயாரிப்பாளர் நேர்த்துளையும் புஷ்ஷும் சொல்லியிருந்தால் தவிர, சாதாரண டிரில் பிட்டால் துளைத்தால் நக்கிள் குப்பைக்குத்தான். ரீமரை மெதுவாக, எண்ணெய் விட்டு, கொஞ்சம் சீவியதும் எண்டைப் போட்டுப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். அதிகம் சீவினால் எண்டு ஆழமாக உட்கார்ந்து, நட்டு இறுகுவதற்குள் மரை தீர்ந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து சீவ வேண்டும் என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். நக்கிளுக்கு மேலே மாட்டப் போகிறீர்கள் என்றால் சரிவும் மேலிருந்து கீழாக இருக்க வேண்டும்.

எண்டை இறுக்கும் காஸில் நட்டின் (தலையில் வெட்டுகள் உள்ள நட்டு) வெட்டும் ஸ்பிளிட் பின் துளையும் நேராக வரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தாதீர்கள், அடுத்த வெட்டு வரும்வரை இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதிது. பான்ஹார்ட் ராடில் ரப்பர் புஷ் இருக்கும் முனையின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரத்தில் பாரம் இறங்கிய பிறகு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

எல்லாம் மாட்டியபின் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். 15 அங்குல ரிம்மில் புது எண்டு ரிம்மின் உட்புறத்தில் உரசக்கூடும். டேம்பர் தன் நீளம் தீர்ந்து திருப்பத்தைத் தடுக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

அலைன்மென்டுக்கு வந்தால், முன்சக்கரங்கள் முன்பக்கம் 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை உள்வாங்கியிருந்தால் போதும். ஸ்டீயரிங் கோணலாக நின்றால் அதைக் கழற்றி நேராக மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. டிராக் லிங்கின் நீளத்தை மாற்றினாலே நேராகிவிடும். ஸ்டீயரிங் பாக்ஸ் நடுவில் இருக்கும்போதுதான் உள்ளே பற்கள் நெருக்கமாகப் பிடிக்கும் என்பதால் அந்த நடுவை விடக் கூடாது. வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை என்றால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்திருக்கிறது. அது கண்ட்ரோல் ஆர்ம் (ஆக்சிலை முன்பின் நகராமல் பிடித்திருக்கும் தண்டு) வேலை, கிட்டின் தலையில் கட்டாதீர்கள்.

ஒன்று மட்டும் அடிக்கடி விட்டுப்போகிறது. இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. ஸ்டீயரிங் பாக்ஸ் உடலோடு ஒட்டிய தகட்டுச் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்கிறது, நடுவில் ஒரு வார்ப்பு அலுமினிய ஸ்பேசர். பெரிய டயரின் சுமையில் அந்த ஸ்பேசர் விரிசல் விடும், சட்டமும் விரிசல் விடும். முன்பு மெல்லிய டை ராட் வளைந்து வாங்கிக்கொண்ட அடியை, தடித்த ராட் நேராக இங்கேதான் கொண்டுவந்து இறக்கும். எஃகு ஸ்பேசரும் சட்டத்தை வலுப்படுத்தும் பிரேஸும் கிட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். மாட்டும் முன் டார்ச் அடித்துச் சட்டத்தைச் சுரண்டிப் பாருங்கள். மிச்சிகன், ஓஹையோ பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், அங்கே ஓடிய வண்டி என்றால் துரு பெயிண்டுக்கு அடியில்கூட இருக்கும்.