ஆண்டு விழாவுக்கு ஆண்டறிக்கை எழுதச் சொல்லிட்டாங்களா?

விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது எச்எம் கூப்பிட்டு "டீச்சர், உங்க கையெழுத்து நல்லாருக்கும், ஆண்டறிக்கைய நீங்களே எழுதிடுங்க"ன்னு சொல்லுவாங்க. கையெழுத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கவா முடியும். நான் அரசு நடுநிலைப்பள்ளில வேலை பாக்கறேன், நாலு வருஷமா இது என் தலையிலதான் விடியுது, அதனால சொல்றேன்.

மொதல்ல போன வருஷ அறிக்கைய எடுத்து தேதிய மட்டும் மாத்தற வேலை வேணாம், எல்லாரும் பண்றதுதான், ஆனா ரிட்டயர் ஆகிப்போன சார் பேரு அப்படியே வந்து நிக்கும். ஸ்டாஃப் வாட்ஸப் குரூப்ப ஜூன் வரைக்கும் மேல தள்ளிப் பாருங்க. நாமதான் எதுக்கெடுத்தாலும் ஜிபிஎஸ் மேப் கேமரால போட்டோ எடுத்துப் போட்ருப்போமே, தேதி, நேரம், ஊரு எல்லாம் அதுலயே இருக்கும். மாணவர் எண்ணிக்கைய எமிஸ்ல (பள்ளிக்கல்வித்துறையோட ஆன்லைன் பதிவேடு) இருந்து எடுங்க, பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானத்துக்கு மினிட்ஸ் நோட்டு இருக்கு. இந்த மூணும் கைல இருந்தா முக்கால்வாசி முடிஞ்சுது.

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், செப்டம்பர் 5, நவம்பர் 14, பிப்ரவரி 28 அறிவியல் நாள் இதெல்லாம் எல்லா ஸ்கூல்லயும் வர்றதுதான். ஒவ்வொண்ணுக்கும் "சிறப்பாகக் கொண்டாடப்பட்டது"ன்னு எழுதினா கீழ உக்காந்திருக்கவங்க கொட்டாவி விட ஆரம்பிச்சிருவாங்க. ஒரே வரில கோத்துட்டு அன்னிக்கு நம்ம ஸ்கூல்ல மட்டும் நடந்தத எழுதுங்க. காமராஜர் வேஷம் போட்ட ரெண்டாங்கிளாஸ் பையன் அவுந்த வேட்டிய ஒரு கைல புடிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் பேசி முடிச்சான்னு ஒரு தடவ எழுதினேன், அதுக்குத்தான் அன்னிக்கு பெரிய கைதட்டல்.

பேருதான் இதுல உயிர். அரசுப்பள்ளிப் பிள்ளைங்களுக்கு நடக்கற கலைத்திருவிழா போட்டில வட்டாரம் தாண்டி மாவட்டம் வரைக்கும் போன பிள்ளைங்க, என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுல பாஸ் பண்ண எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க, ஒருத்தர் விடாம பேரு வரணும். என்எம்எம்எஸ்னா என்னன்னு நெறைய பெத்தவங்களுக்குத் தெரியாது, அதனால ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா வரும்னு சேத்து வாசிங்க, அடுத்த வருஷம் அவங்களே வந்து ஃபாரம் கேப்பாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி குழு நடனத்துல எட்டு பேர்ல ஏழு பேரத்தான் எழுதிருந்தேன். விட்டுப்போன பொண்ணு மறுநாள் ஒண்ணும் கேக்கல, அந்த சர்ட்டிபிகேட்ட மட்டும் கொண்டாந்து என் டேபிள் மேல வச்சுட்டு நின்னா. அதுலருந்து பேர் லிஸ்ட எழுதி முடிச்சதும் அந்தந்தப் பிள்ளைங்க கிட்டயே குடுத்துப் பாக்கச் சொல்லிடுவேன், இனிஷியல் தப்பு கூட அவங்களே புடிச்சிருவாங்க.

ஃபேன் வாங்கிக் குடுத்தவங்க பேரு எப்படியும் வந்துரும், ரெக்கையிலயே எழுதிருக்குமே. காலை உணவு சமைக்க விடியக்காலைல வர்ற சுய உதவிக்குழு அக்காங்க, சத்துணவு ஆயா, பாத்ரூம் கழுவறவங்க, இவங்கதான் விட்டுப்போவாங்க, மறக்காம போடுங்க.

குறையும் ஒண்ணு ரெண்டு இருக்கட்டும். பிஇஓவும் (வட்டாரக் கல்வி அலுவலர்) ஊராட்சித் தலைவரும் முன்வரிசைல இருக்கற ஒரே நாள் அதுதான். "சுற்றுச்சுவர் கிழக்குப் பக்கம் 40 அடி இன்னும் பாக்கி"ன்னு அளவோட சொல்லுங்க, ஆனா எச்எம் கிட்ட முன்னாடியே காட்டிடுங்க, இல்லன்னா அந்த எடம் வந்ததும் நம்மளத்தான் திரும்பிப் பாப்பாங்க.

மொத்தமா பத்து நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது, டான்ஸுக்கு மேக்கப் போட்ட சின்னப் பிள்ளைங்க அதுக்குள்ள அழிச்சுக்கும். பெரிய எழுத்துல, பேப்பரோட ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் எடுங்க, மேடைல லைட் மூஞ்சிக்கு அடிக்குமே தவிர பேப்பருக்கு அடிக்காது. இன்னொரு காப்பி உங்க ஹேண்ட்பேக்ல இருக்கட்டும், பூச்செண்டு, சால்வை, மைக்னு கை மாறி மாறி மூணாவது பக்கம் எங்கயாவது போயிரும்.