டெவலப்பர் பில்டு தவறுதலாக வெளியே போவது எப்படி? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில்டு என்றால், கோடிலிருந்து இயங்கும் வடிவத்துக்குத் தயார் செய்த கேம். 2020 மார்ச்சில் டூம் எடர்னல் கேம் வெளியானபோது, பெதஸ்டா லாஞ்சரில் வாங்கியவர்களின் ஃபோல்டருக்குள் கேமை இயக்கும் எக்ஸ்இ ஃபைல் கூடுதலாக இன்னொன்றும் கிடந்தது. டெனூவோ என்ற பைரசி தடுப்புப் பூட்டு சேர்க்காத பதிப்பு அது. யாரும் ஹேக் செய்யவில்லை, வெளியிட்டவர்களே தெரியாமல் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். பூட்டை உடைக்கும் வேலையே பைரசிக்காரர்களுக்கு மிச்சமாகிவிட்டது.

டெஸ்ட் பில்டும் வெளியீட்டு பில்டும் ஒரே வழியில் போவதுதான் முதல் தவறு. கேம் விற்கும் தளமான ஸ்டீமில் டெஸ்டர்களுக்குப் பாஸ்வேர்டு போட்ட பிராஞ்ச் (பில்டு போய்ச் சேரும் தனிப் பாதை) ஒன்றும், மற்ற எல்லோருக்கும் டீஃபால்ட் பிராஞ்சும் இருக்கும். ராத்திரி 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பட்டியலில் ஒரு வரி மாற்றித் தொட்டு, உறுதி கேட்கும்போதும் சரி சொல்லிவிட்டால், கேம் கையில் உள்ள அத்தனை பேருக்கும் அப்டேட் தானாகவே இறங்கிவிடும். டீஃபால்டில் ஏற்றும் உரிமையை ஓரிருவருக்கு மட்டும் கொடுங்கள். இன்னொருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு லைவ் ஆகட்டும்.

அப்புறம், கூடவே ஒட்டிக்கொண்டு போகும் ஃபைல்கள். டயப்லோவின் ஜப்பானிய பிளேஸ்டேஷன் டிஸ்க்கில் சிம்பல் ஃபைல் ஒன்றை நீக்காமல் விட்டுவிட்டார்கள். ஃபங்ஷன்களின் பெயர்கள் அதில் அப்படியே இருந்தன. அதன் துணையோடு 2018இல் ரசிகர்கள் அந்த கேமின் சோர்ஸ் கோடை மீட்டெழுதி வெளியிட்டார்கள். யூனிட்டி எஞ்சின் தான் உருவாக்கும் டீபக் ஃபோல்டரின் பெயரிலேயே 'டூ நாட் ஷிப்' என்று எழுதி வைக்கிறது. அவசரத்தில் முழு ஃபோல்டரையும் ஜிப் செய்யும்போது அதுவும் சேர்ந்து போகிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது கீ, அதாவது சர்வரைத் திறக்கும் ரகசியக் குறியீடு, விஷயம்தான். 2011 பிப்ரவரியில், வெளியீட்டுக்கு ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கும்போதே கிரைசிஸ் 2 பில்டு கசிந்தது. ஆன்லைன் சரிபார்ப்புக்கான மாஸ்டர் கீயும் அதில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. அரைகுறை அனிமேஷனை ஊர் பார்ப்பது வேதனைதான், ஆனால் அந்தப் பேச்சு அடங்கிவிடும். சர்வர் கீ போனால் வீரர்களின் கணக்குகளே ஆபத்தில் விழும். அதனால் சர்வர் கீயை கேமுக்குள் வைக்கவே கூடாது. கோடின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியில் கீயைப் போட்டுவிட்டு அடுத்த கமிட்டில் (அடுத்த சேமிப்பில்) அழித்தாலும் பழைய கமிட்டில் அது பத்திரமாகவே இருக்கும்.

எல்லா டெஸ்டர்களுக்கும் ஒரே பில்டைக் கொடுக்காமல், ஆளுக்கொரு வாட்டர்மார்க் (அடையாளக் குறி) போடுவது நல்லது, யாரிடமிருந்து கசிந்தது என்று தெரியும். கசிந்த பில்டை ஆசைப்பட்டு இறக்கும் வீரர்களுக்கும் ஒன்று: வெளியிட்டவரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத அந்த எக்ஸ்இயோடு யார் என்ன மால்வேரைச் சேர்த்தார்கள் என்று கண்டுபிடிப்பது கடினம்.

சரி, கசிந்தே விட்டது. பலர் முதலில் லிங்க்கை நீக்கச் சொல்லி ஓடுகிறார்கள். முதலில் கீகளை மாற்றுங்கள், டெஸ்ட் சர்வரை மூடுங்கள், லிங்க் அதற்குப் பிறகு. ஏற்றியவரைத் திட்டாதீர்கள். திட்டு விழும் என்று பயந்தால் அடுத்த முறை அவர் ஒரு மணி நேரம் மறைத்துவிட்டுத்தான் சொல்வார். எந்த பில்டு, எந்த பிராஞ்ச், எத்தனை நிமிடம் வெளியே இருந்தது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.